ஃப்ளாட்டுக்கு எது சரி: லீஸை நீட்டுவதா, ஃப்ரீஹோல்டில் பங்கு வாங்குவதா, ஃப்ரீஹோல்ட் ஃப்ளாட்டா?

ஊரில் பத்திரம் முடித்துப் பழகியவர்களுக்கு இங்கிலாந்து ஃப்ளாட்டின் லீஸ் ஒரு நெருடல்தான். மூன்று, நான்கு லட்சம் பவுண்ட் கொடுத்து வாங்கிய வீடு, காகிதத்தில் பார்த்தால் 99 அல்லது 125 வருடக் குத்தகை. மண் வேறு யாருக்கோ சொந்தம்; அந்த முழு உரிமைக்குப் பெயர் ஃப்ரீஹோல்ட், அதை வைத்திருப்பவர் ஃப்ரீஹோல்டர். அவருக்கு வருடா வருடம் கிரவுண்ட் ரென்ட் என்ற நில வாடகை வேறு. அந்தக் கடுப்பில் இருக்கும்போது விற்பனைப் பட்டியலில் "ஃப்ரீஹோல்ட் ஃப்ளாட்" என்று ஒன்று கண்ணில் பட்டால் கை தானாக அதை அழுத்திவிடும்.

சமீபத்தில் தெரிந்தவர்கள் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். முதலாமவரின் லீஸில் 82 வருடம் மிச்சம். நீட்டிக்கவா, கீழ்வீட்டுக்காரரோடு சேர்ந்து ஃப்ரீஹோல்டையே வாங்கவா என்று தெரியவில்லை. இரண்டாமவர் ஒரு ஃப்ரீஹோல்ட் ஃப்ளாட்டைப் பார்த்து மயங்கி, பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞரான சொலிசிட்டரிடம் பேசும் அளவுக்குப் போய்விட்டார். மூன்றாமவரின் ஃப்ரீஹோல்டர் வயதானவர்; விற்றுவிட வேண்டும் என்று சொல்லி, ஒரு தகரப்பெட்டி நிறையப் பழைய பத்திரங்களைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைத்தான் இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்தின் சொத்துச் சட்டமே வேறு.

## எதை வைத்து எடை போடுவது

கூரை. ஒழுகினால் யார் சரிசெய்ய வேண்டும்? அவர் மறுத்தால் செய்யவைக்க முடியுமா? அவர் விற்றுவிட்டுப் போனபிறகு வரும் புதியவரையும் செய்யவைக்க முடியுமா? மற்ற நான்கு அளவுகோல்களும் சேர்ந்தால்கூட இதற்கு ஈடில்லை என்பது என் எண்ணம். சுவர், அஸ்திவாரம், சாக்கடைக் குழாய் எல்லாவற்றையும் இந்தக் "கூரை"க்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடன். உங்களுக்கு ஒரு வங்கி கடன் தந்தால் போதாது. நாளை உங்களிடம் வாங்க வருபவருக்கும் ஏதாவது ஒரு வங்கி தர வேண்டும்.

செலவு. இன்று எழுதும் காசோலை ஒன்று. பத்து வருடத்தில் சத்தமில்லாமல் போகும் பணம் இன்னொன்று.

சம்மதம். எத்தனை பேர் கையெழுத்துப் போட்டால் வேலை நடக்கும்?

பத்திரம். விற்பவர் "என்னுடையது" என்று சொல்வதைக் காகிதம் சொல்கிறதா?

கடைசியில் வைத்திருந்தாலும், பத்திரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மற்ற நான்குக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

## பழைய பத்திரத்தில் என்ன தேடுவது

யாழ்ப்பாணத்தில் இதை உறுதி என்பார்கள், தமிழ்நாட்டில் பத்திரம். இரண்டு இடத்திலும் மூலக் காகிதம் பீரோவில் இருந்தால்தான் தூக்கம் வரும். இங்கிலாந்தில் அப்படி இல்லை. அரசின் நிலப் பதிவகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவான சொத்துக்கு அந்தப் பதிவேடுதான் உரிமை. காகிதம் தீயில் போனாலும் உரிமை போகாது. முன்பு தந்த லேண்ட் சர்ட்டிஃபிகேட் என்ற தாளையும் 2003 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே முதல் வேலை, அரசுத் தளத்தில் சில பவுண்ட் கட்டிப் பதிவேட்டின் நகலையும் வரைபடத்தையும் எடுப்பது. தேடினால் முதலில் வரும் தளங்களில் சில தனியாருடையவை. அதே நகலுக்குப் பல மடங்கு வாங்கும்.

பதிவேடு மூன்று பகுதி. முதல் பகுதி சொத்து எது என்று சொல்லும். அதிலேயே ஃப்ரீஹோல்டா லீஸ்ஹோல்டா என்று இருக்கும். இரண்டாவது, உரிமையாளர் யார், உரிமையின் தரம் என்ன என்பது. "அப்சல்யூட்" என்று இருந்தால் நிம்மதி. "பொசசரி" என்று இருந்தால் காகிதம் காட்ட முடியாமல், இடத்தை அனுபவித்து வருவதை வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று பொருள். ஏன் என்று கேளுங்கள். மூன்றாவது பகுதியில் அடமானமும் மற்றச் சுமைகளும்.

பதிவே ஆகாத சொத்தும் இன்னும் உண்டு. விற்றால் கட்டாயம் பதிய வேண்டும் என்ற விதி பகுதி பகுதியாக விரிந்து, 1990 டிசம்பர் 1-ல்தான் நாடு முழுவதையும் எட்டியது. அதற்கு முன்பே வாங்கி, விற்காமல், அடமானம் வைக்காமல் வைத்திருப்பவரின் ஃப்ரீஹோல்ட் பதிவேட்டில் இல்லாமல் இருக்கலாம். அங்கே மட்டும் நம் ஊர்க் கணக்குதான்: காகிதமே உரிமை. குறைந்தது 15 வருடம் பழைய, நம்பகமான ஒரு கைமாற்றப் பத்திரத்தில் தொடங்கி, இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறாமல் வர வேண்டும். 200 வருடத்துத் தோல் பத்திரங்கள் பார்க்க அழகு. உரிமையை நிறுவ அவ்வளவாகத் தேவைப்படாது.

பழைய நடையைப் பார்த்து மிரள வேண்டாம். நிறுத்தக்குறியே இல்லாமல் ஒரே மூச்சில் ஓடும் அந்தப் பக்கங்களில் "டு ஹோல்ட்" என்று பெரிய எழுத்தில் தொடங்கும் இடத்தைத் தேடுங்கள். அதற்கு அப்புறம் "இன் ஃபீ சிம்பிள்" என்று வந்தால் ஃப்ரீஹோல்ட். இத்தனை வருடக் காலத்துக்கு என்று வந்தால் லீஸ். இதில் ஒரு பழைய பொறி இருக்கிறது. 1840-களுக்கு முன்பு ஃப்ரீஹோல்டை விற்பதற்கே முதல் நாள் ஒரு வருட லீஸ், மறுநாள் விடுதலைப் பத்திரம் என்று இரண்டு பத்திரம் எழுதும் வழக்கம் இருந்தது. இரண்டில் முதலாவது மட்டும் கையில் சிக்கினால், "அய்யோ, இது வெறும் குத்தகை நிலம்" என்று தோன்றும். தேதி அடுத்தடுத்த நாளாக இருக்கும் ஜோடி இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு, உடன்படிக்கைகள். இவற்றை நான் "செய்யாதே" வகை, "செய்" வகை என்று பிரித்து வைத்துக்கொள்வேன். மதுக்கடை நடத்தாதே, இன்னொரு வீடு கட்டாதே என்பவை முதல் வகை. இவை முறைப்படி எழுதிப் பதிவாகியிருந்தால் நூறு வருடம் கழித்தும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும். வேலியைப் பராமரி, கூரையைச் சரிசெய் என்பவை இரண்டாம் வகை. ஃப்ரீஹோல்டில் இந்த இரண்டாம் வகை அடுத்தவருக்குத் தானாகப் போகாது. இந்த ஒரு வரியில்தான் ஃப்ரீஹோல்ட் ஃப்ளாட்டின் தலையெழுத்தே இருக்கிறது, கீழே வருகிறேன்.

மான்செஸ்டர், பிரிஸ்டல் பக்கம் பழைய ஃப்ரீஹோல்ட் வீடுகளில் வருடத்துக்குச் சில பவுண்ட் "ரென்ட்சார்ஜ்" இருக்கும். ஃப்ரீஹோல்டுக்கு எதற்கு வாடகை என்று குழம்ப வேண்டாம். புதிதாக உண்டாக்குவதை 1977-ல் சட்டம் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. பழையவற்றில் பெரும்பாலானவை 2037-ல் தானாக முடியும்.

கடைசியாக ஃப்ளாட்டின் லீஸ். அதில் உங்களுக்குக் கொடுத்தது எது என்று விவரிக்கும் பகுதியை இரண்டு முறை படியுங்கள். தரைப்பலகை உங்களுடையதா, அதைத் தாங்கும் உத்தரமா? ஜன்னல் சட்டம்? பரண்? தோட்டத்தில் பாதியா, நடந்து போகும் உரிமை மட்டுமா? பரணில் அறை கட்டலாம் என்று கனவு கண்டு வாங்கியவர்களில் பலருக்கு, அந்தப் பரண் ஃப்ரீஹோல்டருடையது என்பது பிறகுதான் தெரியும்.

## வழி 1: லீஸை நீட்டிப்பது

பலருக்கும் எளிய வழி இது. 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்தால் மிச்சமிருக்கும் காலத்தோடு 90 வருடம் சேரும், கிரவுண்ட் ரென்ட் பூஜ்யமாகும். ஃப்ரீஹோல்டருக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, தகுதி இருந்தால் கொடுத்தே ஆக வேண்டும். விலையில் தகராறு வந்தால் தீர்ப்பாயம் முடிவு செய்யும். பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் தேவையில்லை. வாங்கி இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் 2025 ஜனவரி 31-ல் போய்விட்டது.

கூரைக் கேள்வியில் இந்த வழிக்கு நல்ல மதிப்பெண். லீஸில் எழுதிய பொறுப்புகள் "செய்" வகையாக இருந்தாலும், ஃப்ரீஹோல்டர் மாறினாலும் ஃப்ளாட்காரர் மாறினாலும் தொடரும். சோம்பேறி ஃப்ரீஹோல்டராக இருந்தால் இழுத்துப் பிடித்து வேலை வாங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மறைசெலவு முதலில் 80 வருடக் கோட்டில் இருக்கிறது. மிச்சக் காலம் 80-க்குக் கீழே இறங்கினால் "மேரேஜ் வேல்யூ" என்ற கூடுதல் தொகை விலையில் சேரும். நீட்டிப்பதால் இரு தரப்புச் சொத்து மதிப்பும் சேர்ந்து எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதி ஃப்ரீஹோல்டருக்கு. ஒரு கணக்குக்கு, கூடுவது 30,000 பவுண்ட் என்றால் 15,000 அங்கே போகும். 81 வருடத்தில் நோட்டீஸ் கொடுத்தவருக்கு இந்தச் செலவே கிடையாது. 2024 மே மாதம் நிறைவேறிய சீர்திருத்தச் சட்டம் இதை ஒழிக்கிறது, 90-ஐ 990 ஆக்குகிறது. ஆனால் சட்டம் நிறைவேறுவது வேறு, அமலுக்கு வருவது வேறு. அந்தச் சட்டத்தின் பகுதிகள் தனித்தனித் தேதிகளில் நடப்புக்கு வருபவை. இரண்டு வருட நிபந்தனை நீங்கிய அன்று விலைக் கணக்கு மாறவில்லை. நோட்டீஸ் அனுப்பும் அன்று எது அமலில் இருக்கிறது என்று சொலிசிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, ஃப்ரீஹோல்டரின் சட்டச் செலவும் மதிப்பீட்டுச் செலவும். 1993 சட்டத்தின்படி அவருடைய நியாயமான செலவையும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். இது பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியும்.

இன்னொன்று இனிப்பாக வரும். "சட்டம், நோட்டீஸ் எல்லாம் எதற்கு, நமக்குள் பேசி மலிவாக 99 வருடமாக்கிவிடலாம்" என்பார் ஃப்ரீஹோல்டர். அப்படிப் பேசி முடித்தால், மீதமிருந்த பழைய காலம் முழுவதும் பழைய கிரவுண்ட் ரென்ட் தொடர, கிரவுண்ட் ரென்டைக் கட்டுப்படுத்தும் 2022 சட்டமும் இடம் கொடுக்கிறது. நீட்டிய பகுதிக்குத்தான் பூஜ்யம். மலிவு என்று சொன்ன விலையோடு அந்த வாடகையையும் கூட்டிப் பாருங்கள்.

யாருக்கு ஏற்றது: 80-ஐ நெருங்கிக்கொண்டிருப்பவர், அக்கம்பக்கத்தாரோடு ஒத்துப்போகாதவர், பெரிய கட்டடத்தில் இருப்பவர், சில வருடத்தில் விற்கப்போகிறவர். நிர்வாகம்தான் பிரச்சினை என்றால், ஃப்ரீஹோல்டை வாங்காமலே நிர்வாகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் உரிமையும் 2002 சட்டத்தில் இருக்கிறது.

## வழி 2: ஃப்ரீஹோல்டில் பங்கு

ஃப்ளாட்காரர்கள் சேர்ந்து கட்டடத்தின் ஃப்ரீஹோல்டை வாங்குவது இது. ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன்: வாங்கியபிறகும் உங்கள் ஃப்ளாட் லீஸ்ஹோல்ட்தான். லீஸ் உங்கள் பெயரில். அதற்கு மேலே இருக்கும் ஃப்ரீஹோல்ட் எல்லோரும் சேர்ந்து நடத்தும் கம்பெனியின் பெயரில், அல்லது உங்கள் எல்லோர் பெயரிலும். "அப்போ எதுக்கு வாங்கணும்?" என்று கேட்பார்கள். லீஸை நீங்களே 999 வருடமாக்கிக்கொள்ளலாம். காப்பீடு யாரிடம், கூரை வேலை எப்போது, எந்த மேஸ்திரி என்று நீங்களே முடிவு செய்யலாம். லீஸ் இருப்பதால் "செய்" வகைப் பொறுப்புகள் உயிரோடு இருக்கும். ஃப்ரீஹோல்ட் இருப்பதால் தலைக்கு மேல் வேறு ஆள் இல்லை. ஃப்ளாட்டுக்கு இதைவிட நல்ல அமைப்பு இன்றைய இங்கிலாந்தில் இல்லை என்றே சொல்வேன்.

உள்ளே போக இரண்டு கதவு. ஒன்று, 1993 சட்டப்படி நீங்களே கேட்பது. கட்டடத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஃப்ளாட்டாவது நீண்ட லீஸில் இருக்க வேண்டும். மொத்த ஃப்ளாட்டில் பாதியாவது சேர வேண்டும். இரண்டே ஃப்ளாட் உள்ள வீடானால் இரண்டு பேரும் சேர்ந்தாக வேண்டும். கீழ்வீட்டுக்காரர் "எனக்கு வேண்டாம்" என்றால் கதை முடிந்தது. இன்னொன்று, ஃப்ரீஹோல்டர் தானாக விற்க நினைக்கும்போது. 1987 சட்டப்படி அவர் முதலில் ஃப்ளாட்காரர்களிடம்தான் நோட்டீஸ் மூலம் கேட்க வேண்டும். ஏற்றுக்கொள்ளக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். பாதிக்கு மேற்பட்டோர் ஏற்க வேண்டும். இந்தக் கடிதத்தை ஏதோ விளம்பரம் என்று குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். பழைய வீட்டைச் சில ஃப்ளாட்டுகளாகப் பிரித்த சிறிய கட்டடத்தில் ஃப்ரீஹோல்டரே குடியிருந்தால் இந்த இரண்டு உரிமைக்கும் விதிவிலக்கு வரக்கூடும்.

மறைசெலவுகள் இங்கே பணத்தைவிட அதிகமாக நேரத்திலும் உறவிலும் இருக்கின்றன.

கம்பெனி ஆரம்பித்தால் வருடா வருடம் கணக்கும், கம்பெனி விவரங்கள் சரி என்று உறுதிப்படுத்தும் அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு பைசா வரவு செலவு இல்லாவிட்டாலும். "யார் செய்வது" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் கம்பெனியைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கினால் அதன் சொத்து, அதாவது உங்கள் கட்டடத்தின் ஃப்ரீஹோல்ட், அரசுக்குப் போய்விடும். மீட்க வழி உண்டு, ஆனால் காசும் மாதங்களும் ஆகும். பெரும்பாலும் யாரோ ஃப்ளாட்டை விற்கப் போகும்போதுதான் இது தெரியவரும், வாங்குபவர் ஓடிவிடுவார்.

கம்பெனி இல்லாமல் தனிநபர் பெயரில் வைத்தால், பதிவேட்டில் அதிகபட்சம் நான்கு பெயர்தான். ஒருவர் ஃப்ளாட்டை விற்கும்போது ஃப்ரீஹோல்டில் தன் இடத்தையும் கைமாற்ற வேண்டும். அதற்கு மற்றவர்களின் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் ஆஸ்திரேலியாவில், இன்னொருவரோடு பேச்சு இல்லை என்றால் விற்பனை அப்படியே நிற்கும். இரண்டு ஃப்ளாட்டுக்குத் தனிநபர் பெயர் போதும். நான்கைத் தாண்டினால் கம்பெனிதான். மூன்று, நான்குக்கும் நான் கம்பெனியையே சொல்வேன்.

இன்னொன்று மறந்துபோகும்: நீங்கள் இப்போது சட்டத்தின் கண்ணில் ஃப்ரீஹோல்டர். பொது நடைபாதையின் தீப்பாதுகாப்பு மதிப்பீடு உங்கள் வேலை. ஒரு ஃப்ளாட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் விழும் வேலையானால் முறைப்படி முன்கூட்டிக் கலந்தாலோசிக்க வேண்டும். செய்யாவிட்டால் பணம் தர மறுக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் 250-க்கு மேல் வசூலிக்க முடியாது. நண்பர்கள்தானே என்று வாட்ஸாப்பில் முடித்த கூரை வேலைகள் இப்படித்தான் மாட்டுகின்றன.

யாருக்கு ஏற்றது: இரண்டிலிருந்து பத்து ஃப்ளாட் வரை உள்ள கட்டடம், ஒருவராவது கணக்கு வழக்கில் கவனமானவர், நீண்ட காலம் இருக்கும் எண்ணம்.

## வழி 3: ஃப்ரீஹோல்ட் ஃப்ளாட்

இதில் லீஸே கிடையாது. மேல்வீடு ஒருவருக்கு முழுச் சொந்தம், கீழ்வீடு இன்னொருவருக்கு முழுச் சொந்தம். ஒருவருடைய ஃப்ரீஹோல்ட் இன்னொருவருடைய மண்ணுக்கு மேல் அந்தரத்தில் நிற்பதால் "ஃப்ளையிங் ஃப்ரீஹோல்ட்" என்று பெயர். கேட்க இனிமை. கிரவுண்ட் ரென்ட் இல்லை, காலம் தேய்வதில்லை, வீட்டைப் பறிமுதல் செய்ய மேலே ஒருவரும் இல்லை.

இப்போது கூரை. சாமர்செட்டில் ஒரு பெரிய வீட்டை 1960-ல் இரண்டாகப் பிரித்து விற்றார்கள். பெரிய வீட்டின் கூரையில் ஒரு பகுதி, பக்கத்துக் குடிலின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பகுதியை ஒழுகாமல் வைத்திருப்பேன் என்று பெரிய வீட்டுக்காரர் பத்திரத்திலேயே எழுதிக்கொடுத்தார். வருடங்கள் போயின, இரண்டு பக்கமும் ஆட்கள் மாறினார்கள், கூரை ஒழுகியது. குடிலின் சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டு, அது அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய் 1994-ல் தீர்ப்பு வந்தது. ரோன் எதிர் ஸ்டீவன்ஸ் என்ற வழக்கு. எழுதிக்கொடுத்தவரை அந்த வாக்குறுதி கட்டும். அவரிடமிருந்து சொத்து வந்தவரைக் கட்டாது என்று சொல்லிவிட்டார்கள். 1885-லிருந்து இருந்த விதிதான், மாற்ற மறுத்துவிட்டார்கள். பத்திரத்தில் இருந்தும் கூரைக்கு ஆள் இல்லை.

கீழ்வீட்டுக்காரராக நீங்கள் இருந்தால் உங்கள் கூரை மேல்வீட்டுக்காரர் கையில். மேல்வீடு உங்களுடையது என்றால் உங்கள் அஸ்திவாரம் கீழ்வீட்டுக்காரர் கையில். அவசியமான பழுதுபார்ப்புக்கு அடுத்தவர் இடத்துக்குள் நுழைய 1992-ல் ஒரு சட்டம் வந்தது. நீதிமன்ற உத்தரவு வாங்கி உள்ளே போகலாம். ஆனால் பணம்? அதை அவரிடமிருந்து வாங்க அந்தச் சட்டம் வழி செய்யவில்லை.

வங்கிகளுக்கும் இது தெரியும். ஃப்ரீஹோல்ட் ஃப்ளாட் என்றாலே பலர் கடன் தர மாட்டார்கள். கட்டடத்தில் சிறு பகுதி மட்டும் அந்தரத்தில் இருந்தால் சிலர் நிபந்தனையோடு தருவார்கள். "இன்ஷூரன்ஸ் பாலிசி போட்டால் சரியாகிவிடும்" என்று விற்பவர் தரப்பு சொல்லும். அந்த பாலிசி பத்திரக் குறையால் வரும் நஷ்டத்துக்கு ஈடு தரும். ஓடு மாற்ற ஆள் அனுப்பாது. நீங்கள் முழுப் பணமும் ரொக்கமாகக் கொடுத்து வாங்கினாலும், விற்கும்போது ரொக்கக்காரரைத்தான் தேட வேண்டும். விலை குறைவாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஸ்காட்லாந்தில் ஃப்ளாட்டுகள் முழுச் சொந்தமாகவே கைமாறுகின்றனவே என்று கேட்கலாம். உண்மை. அங்கே கூரைப் பராமரிப்பு போன்ற பொறுப்புகள் சொத்தோடு சேர்ந்தே போகும். பத்திரம் ஒன்றும் சொல்லாவிட்டால் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவிதி தருகிறது. இங்கே அது இல்லை.

சரிசெய்ய முடியாததா? முடியும், இரண்டு வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டால். நியூகாசில், கேட்ஸ்ஹெட் பக்கத்து டைன்சைட் ஃப்ளாட்டுகளில் அழகான ஒரு ஏற்பாடு உண்டு: மேல்வீட்டுக்காரர் கீழ்வீட்டின் ஃப்ரீஹோல்டர், கீழ்வீட்டுக்காரர் மேல்வீட்டின் ஃப்ரீஹோல்டர், இருவருக்கும் குறுக்குக் குறுக்காக லீஸ். ஒருவர் குடுமி இன்னொருவர் கையில். வங்கிகளுக்கும் இது பழக்கமான ஏற்பாடு.

யாருக்கு ஏற்றது: கார் நிறுத்தும் கொட்டில்களுக்கு மேல் கட்டிய "கோச் ஹவுஸ்" வகை, அதில் மண்ணிலிருந்து கூரை வரை உங்களுடையதாக இருந்து, கீழே உள்ள கொட்டில்கள் மட்டும் மற்றவர்களுக்கு உங்களிடமிருந்து லீஸ் என்றால் நல்ல சொத்து. முழுக் கட்டடத்தையும் வாங்கி ஒரு ஃப்ளாட்டை லீஸில் விட்டிருப்பவருக்கும் கவலையில்லை. மற்றபடி, இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

## வழி 4: காமன்ஹோல்ட்

ஒவ்வொருவருக்கும் தன் ஃப்ளாட் ஃப்ரீஹோல்ட், பொது இடம் எல்லோரும் உறுப்பினராக உள்ள சங்கத்துக்கு, "செய்" வகைப் பொறுப்புகளும் அடுத்தவருக்குப் போகும். நம் ஊர் அடுக்ககச் சங்கம் நினைவுக்கு வரும். 2004 செப்டம்பரிலிருந்து சட்டத்தில் இருக்கிறது. இருபது வருடத்தில் நாடு முழுவதும் உருவானவை ஏறக்குறைய இருபதுதான். இருக்கும் லீஸ்ஹோல்ட் கட்டடத்தை மாற்ற வேண்டுமானால் எல்லா லீஸ்காரர்களும் கடன் கொடுத்தவர்களும் சம்மதிக்க வேண்டும் என்று 2002 சட்டம் எழுதியதுதான் பெரிய முட்டுக்கட்டை. புது ஃப்ளாட்டுகளுக்கு இதையே வழக்கமாக்கப்போவதாக அரசு 2025 மார்ச்சில் வெள்ளை அறிக்கை வெளியிட்டது. புதுக் கட்டடத்தில் இந்த வகை கிடைத்து, உங்கள் வங்கியும் சரி என்றால் யோசிக்கலாம். பழைய வீட்டுக்கு இப்போதைக்கு இது ஒரு நல்ல கனவு.

## ஒரே பார்வையில்

| | லீஸ் நீட்டிப்பு | ஃப்ரீஹோல்டில் பங்கு | ஃப்ரீஹோல்ட் ஃப்ளாட் | காமன்ஹோல்ட் |
|---|---|---|---|---|
| கூரைப் பொறுப்பு தொடருமா | ஆம் | ஆம் | பொதுவாக இல்லை | ஆம் |
| வங்கிக் கடன் | எளிது | எளிது | கடினம் | சில வங்கிகள் |
| மறைசெலவு | 80 வருடக் கோடு, எதிர்தரப்புச் செலவு | கம்பெனி வேலை, தீப்பாதுகாப்பு | விற்கும்போது இழப்பு | மாற்றும் செலவு |
| யார் சம்மதம் | யாரும் வேண்டாம் | குறைந்தது பாதிப் பேர் | வாங்கும்போது யாரும் வேண்டாம், பழுதுக்குப் பக்கத்தவர் | மாற்ற எல்லோரும் |
| காலம் தேய்வது | மெல்லத் தேயும் | நீங்களே நீட்டலாம் | இல்லை | இல்லை |

## மூன்று பேரும் என்ன செய்தார்கள்

82 வருடக்காரரிடம், கீழ்வீட்டுக்காரர் மனம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம் என்றேன். நீட்டிப்புக்கு இப்போதே நோட்டீஸ். நாளை ஃப்ரீஹோல்டில் பங்கு வாங்க வாய்ப்பு வந்தால் இந்த நீட்டிப்பு அதற்குத் தடையில்லை. மிச்சக் காலத்தை 80-க்குக் கீழே இறங்கவிட்டால் மட்டும் விலையேறும்.

ஃப்ரீஹோல்ட் ஃப்ளாட்டில் மயங்கியவர், விற்பவரும் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்து குறுக்கு லீஸ் எழுதித் தந்தால் வாங்குகிறேன் என்று சொல்லிப்பார்த்தார். கீழ்வீட்டுக்காரர் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. கூரை ஒழுகினாலும் பதில் வராது என்று புரிந்துகொண்டு விலகிவிட்டார்.

மூன்றாமவரின் தகரப்பெட்டிக் கதை நன்றாக முடிந்தது. ஃப்ரீஹோல்ட் பதிவாகாதது, பெட்டியில் 1970-களின் கைமாற்றப் பத்திரம் ஒன்று இருந்தது, சங்கிலி அறவில்லை. அவரும் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்து வாங்கி முதல் முறையாகப் பதிந்தார்கள். அதற்கு முன் ஒரு வாரம் பரண் யாருடையது என்ற தகராறு ஓடியது. லீஸின் பதிவு நகலில் வரைபடம் கறுப்பு வெள்ளையாக இருந்ததால் எந்தக் கோடு எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. பெட்டியின் அடியில் மூல லீஸின் வண்ண வரைபடம் கிடைத்தது. சிவப்புக் கோடு மேல்வீட்டின் உட்கூரைப் பலகையோடு நின்றுவிட்டிருந்தது, பரண் வெள்ளையாக, யாருக்கும் கொடுக்கப்படாமல். ஆக, அது ஃப்ரீஹோல்டோடு சேர்ந்து இருவருக்கும் பொதுவாக வந்தது. மேல்வீட்டுக்காரரான அவர் இப்போது அதில் தன் பங்குக்கு மேல் உள்ளதைக் கீழ்வீட்டுக்காரரிடம் விலை பேசிக்கொண்டிருக்கிறார்.